பெர்னி உட்கார்ந்திருக்கிறான்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனதும் அப்பா செய்த முதல் காரியம், ஹாலில் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்தச் சொன்னதுதான். மாதாந்திரப் பராமரிப்பு, சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் வரும் என்று முந்தின நாளே பேப்பரில் போட்டிருந்தார்கள். எங்கள் இன்வெர்ட்டர் பழசு. ஃபேனும் கம்ப்யூட்டரும் சேர்ந்து ஓடினால் ஒரு மணி நேரம் தாங்குவதே பெரிய விஷயம். பங்குனி வெயில் காலையிலேயே நாகமலையின் பாறையைச் சுட்டு, அந்தச் சூட்டை அப்படியே எங்கள் வீட்டுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது. தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

"எனக்கு வேர்த்துக் கொட்டுதுங்க."

"கொஞ்சம் பொறு. ரெண்டு நாளா உக்காந்தாச்சு. இப்பப் போயி மிசினு நின்டுச்சுன்னா அம்புட்டும் வீணாப் போகும். எந்நேரமும் கூப்பிடுவாக" என்றார் அப்பா, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

திரையில் ஒரு பெஞ்சு இருந்தது. பெஞ்சில் பெர்னி உட்கார்ந்திருந்தான். வியாழக்கிழமை சாயங்காலத்திலிருந்து அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறான்.

பெர்னி யார் என்று சொல்லிவிடுகிறேன். அவன் ஒரு கப்பலில் சமையல்காரன். கஞ்சியைக் கரிய விட்டதற்காக அவனை ஒரு தீவில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. அந்தத் தீவில் இருப்பவர்கள் அத்தனை பேரும் கடற்கொள்ளைக்காரர்கள். இவனுக்கும் கொள்ளைக்காரன் ஆக ஆசை. ஆனால் அங்கே கொள்ளையடிக்கக் கவர்னர் ஆபீசில் லைசென்ஸ் வாங்க வேண்டும். முப்பது வருடத்துக்கு முன்னால் வெளிநாட்டில் வந்த கம்ப்யூட்டர் கேம் அது. ஓட்டமும் கிடையாது, சண்டையும் கிடையாது. மவுஸால் எதைத் தொட்டாலும் பெர்னி அதைப் பற்றி ஒரு நக்கல் அடிப்பான். பாதிக் கருவாடு, மரக்கால், யாரோ கழற்றி வைத்த விக்கு என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொள்வான். அப்புறம் எதோடு எதைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். மரக்காலுக்கு விக்கை மாட்டி ஜன்னலில் வைத்தால் காவல்காரன் அதைத் தன் மாமியார் என்று நினைத்து ஓடிவிடுவான். இதைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்கப் படித்த மனிதர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதை வெளியே பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் செய்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை எதுவும் கிடையாது.

இந்த கேம் எங்கள் வீட்டுக்கு வந்ததற்கு இரண்டு காரணங்கள். அப்பா சொல்லக்கூடிய காரணம் அவருடைய மணிக்கட்டு. ஜனவரியில் செக்கானூரணி ரோட்டில் டி.வி.எஸ்ஸிலிருந்து விழுந்து வலது கை மணிக்கட்டில் பிளேட் வைத்தார்கள். பிசியோதெரபி செய்யும் பவதாரிணி ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். இரண்டு நாள் அமுக்கிவிட்டு, "சின்னப் புள்ளையாக்கும் நானு" என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டார். "அப்ப கம்ப்யூட்டர்ல எதாச்சும் வெளையாடுங்கப்பா, மவுஸைப் புடிச்சா வெரலுக்கு நல்லது" என்றாள் அவள். சொல்ல முடியாத காரணம் கோகுல்நாத்.

கோகுலும் நானும் ஒரே காலேஜில் படித்தவர்கள். அவன் வீடு மகால் பக்கம். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரா, வெளியே பேசுவது எங்களைவிடச் சுத்தமான மதுரைத் தமிழ். நான் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர், வயது முப்பத்தொன்று. மூன்று வருடத்துக்கு முன்னால், கோகுலைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவன் அம்மா ராதாமணி ஒரு வாரம் அழுதுவிட்டுச் சரி என்று சொல்லியிருந்தார். என் அப்பா அழவில்லை, கத்தவில்லை, அரிவாளைத் தேடவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "பாப்போம்" என்றார்.

அந்தச் சொல்லின் எடை தெரிய வேண்டுமென்றால் அவரைத் தெரிய வேண்டும். சின்னச்சாமி, துணை வட்டாட்சியர், ஓய்வு. முப்பத்தொரு வருடம் தாலுகா ஆபீஸ். பட்டா, வாரிசுச் சான்றிதழ், எல்லைத் தகராறு என்று எது வந்தாலும் முதலில் "உக்காருங்க", அப்புறம் "பாப்போம்". லஞ்சம் வாங்க மாட்டார். அதைச் சொல்லிச் சொல்லியே எங்கள் காதில் ரத்தம் வரவைத்திருக்கிறார். வாங்குகிறவனாவது ஒரு நாள் வேலையை முடித்துக் கொடுத்திருப்பான். இவர் மறுக்கவும் மாட்டார், தரவும் மாட்டார். ஆபீஸ் வராந்தாவில் இருந்த மர பெஞ்சு உட்கார்ந்து உட்கார்ந்தே நடுவில் குழிந்துபோனதாக அவருடைய பியூன் ஆண்டிச்சாமி ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அப்பா அந்த பெஞ்சைக் கழற்றி வைப்பதில்லை. அம்மா தங்கை கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்றாலும் பாப்போம், எனக்குப் பல் வலி என்றாலும் பாப்போம்.

கோகுலின் வீரத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவிடம் நேரில் பேசுகிறேன் என்று வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு அல்வாப் பொட்டலம். அப்பா உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "உக்காரச் சொல்லு" என்றார். போர்டிகோவில் கிடந்த நீல பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். ஒரு மணி நாற்பது நிமிடம். அம்மா முதலில் தண்ணீர் கொடுத்தாள், அப்புறம் காபி கொடுத்தாள், அப்புறம் மறுபடியும் தண்ணீர் கொடுத்தாள். அப்புறம் அவன் எழுந்து அல்வாவைத் திண்டில் வைத்துவிட்டு, "அப்பா பிஸி போல. இன்னொரு நாள் வாரேன்" என்று மெதுவாக என்னிடம் சொல்லிவிட்டு, வண்டியைச் சத்தம் வராமல் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போய் ஸ்டார்ட் செய்தான். அந்த மரியாதையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. அப்பா கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, "போயிட்டானா?" என்று கேட்டார். அல்வாவை அம்மா பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்த இரண்டு வருடத்தில் என் வருங்காலக் கணவர் சாதித்தது என்ன என்றால், இந்தக் கொள்ளைக்கார கேமைத் தமிழில் செய்து முடித்ததுதான். ஆபீஸ் விட்டு வந்து தினமும் மூன்று மணி நேரம். ஒவ்வொரு நக்கலையும் மதுரைத் தமிழில் எழுதி, இருபத்து மூன்று கதாபாத்திரங்களுக்கும் தன் ஒரே மூக்கடைத்த குரலில் பேசி, இணையத்தில் இலவசமாகப் போட்டான். நாற்பது பேர் பாராட்டினார்களாம். ஒரு சமையல்காரனை இரண்டு வருடம் பேசவைத்தவனுக்கு, ஒரு ரிட்டயர்டு ஆளிடம் ஐந்து நிமிடம் பேச வாய் வரவில்லை. இந்த மாதக் கடைசியில் அவனைக் கம்பெனி புனேவுக்கு அனுப்புகிறது. போனால் இரண்டு வருடம். அதற்குள் அப்பா சரி என்று சொன்னால் கல்யாணத்தை முடித்துவிட்டு இருவரும் சேர்ந்து போகலாம். சொல்லாவிட்டால் என்ன என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"ஒங்கப்பாவுக்கு கேமைப் போட்டுக் குடு செல்வி. நல்லாச் சிரிக்கட்டும். நல்ல மூடுல இருக்கும்போது, இதைச் செஞ்சது யாருன்னு மெதுவாச் சொல்லு" என்றான் கோகுல். பெண் கேட்டு வருகிற வழியா இது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. போட்டுக் கொடுத்தேன். முதல் திரையில் கீழே சின்ன எழுத்தில் 'தமிழும் குரலும்: டி.எஸ். கோகுல்நாத்' என்று வரும். அப்பா கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் நானே அதைத் தாண்டவிட்டேன்.

அப்பா சிரிக்கவில்லை. பெர்னியைக் கண்டாலே அவருக்கு ஆகவில்லை. "களவாணிப்பய. கண்ணுல பட்டதெல்லாம் சட்டைக்குள்ள போட்டுக்கிறான். பொதுச் சொத்துடா அது" என்று திட்டிக்கொண்டே விளையாடினார். எதையும் எடுக்கச் சொல்லும் முன் பக்கத்தில் நிற்பவனிடம் பேசவைத்து அனுமதி கேட்கப் பார்ப்பார். கொள்ளைக்காரனுக்கு லைசென்ஸ் என்பது மட்டும் அவருக்குப் பிடித்திருந்தது. "அதான் மொறை" என்றார். மரக்காலையும் விக்கையும் சேர்ப்பதற்கு அவருக்கு ஒன்பது நாள் ஆனது. விரல்கள் நன்றாக அசைய ஆரம்பித்திருந்தன. பத்தாவது நாள், வியாழக்கிழமை, கவர்னர் ஆபீசுக்குள் நுழைந்தார்.

அந்த அறையில் ஒரு மேஜை. மேஜை மேல் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு கிளி, அதுதான் கிளார்க். கிளிக்குப் பின்னால் ஒரு கதவு. எதிரே பெஞ்சு. கதவைத் தொட்டால் கிளி, "உக்காருங்க. அய்யா உள்ள இருக்காரு. கூப்பிடுவாக" என்று சொல்லும். விளையாடுகிற யாரும் என்ன செய்வார்கள்? கிளியை ஒரு பொருட்டாக மதிக்காமல் கதவை மறுபடி தொடுவார்கள். கதவு திறந்துகொள்ளும். பூட்டே கிடையாது, அதுதான் ஜோக். பத்து வயதுப் பையனுக்கு அரை நிமிட வேலை. என் அப்பா பெஞ்சைத் தொட்டார். பெர்னி உட்கார்ந்தான். அப்பாவும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

பெர்னியை அப்படியே விட்டால் அவனுக்குத் தாடி வளரும். ஒரு மணி நேரத்தில் நெஞ்சு வரை வரும், அப்புறம் சிலந்தி ஒன்று வந்து அதில் வலை கட்டும். அதுவும் ஜோக்தான். அப்பா அதை முன்னேற்றமாக எடுத்துக்கொண்டார். "தாடி வளருது பாத்தியா? அப்ப நடவடிக்கையில இருக்குன்னு அர்த்தம்" என்றார். வியாழன் போனது. வெள்ளியும் போனது. சாப்பாட்டுத் தட்டு கம்ப்யூட்டர் பக்கத்துக்கே வந்தது. யாரும் சுவிட்சில் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு.

எனக்கு விடை தெரியும். சொல்லவில்லை. ஏன் மறைக்க வேண்டும், எனக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம் இருந்தது. ஸ்கூலில் பாடம் நடத்தும்போதுகூட, வீட்டில் அவர் ஒரு கிளியின் சொல்லை நம்பி உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டால் உடம்பு லேசானது. முப்பத்தொரு வருடம் எத்தனை பேரை அந்தக் குழிந்த பெஞ்சில் வைத்திருந்தார், அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இவர் உட்காரட்டும். அதில் என்னுடைய மூன்று வருடமும் இருக்கிறது.

பத்தரை மணிக்கு இன்வெர்ட்டர் விட்டு விட்டுக் கத்த ஆரம்பித்தது. இன்னும் ஐந்து நிமிடம் தாங்கினால் அதிகம். அப்பா அதைத் திரும்பிப் பார்த்தார். பிறகு திரையில் தாடியோடு இருந்தவனைப் பார்த்தார். முகத்தில் எந்தப் பதற்றமும் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"கூப்பிட மாட்டாங்கப்பா" என்றேன்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"கூப்பிட மாட்டான்னு தெரியும். நான் பாக்காத ஆபீஸா? அந்தக் கதவு பூட்டலை. கிளி எடத்தை விட்டு எந்திரிக்கவே இல்ல பாரு, தடுக்கிறவனா இருந்தா எந்திரிச்சு வருவான்."

"அப்பறம் எதுக்கு ரெண்டு நாளா உக்காந்திருக்கீங்க? அம்மாவை இந்த வேக்காட்டுல போட்டு?"

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்து, தையல் போட்ட மணிக்கட்டை இடது கையால் தேய்த்துக்கொண்டார்.

"நம்ம போர்டிகோவுல உக்காந்திருந்தான்ல, அந்தப் பய எழுதுனதுதான இது?"

அம்மாவின் கை வெங்காயத்தில் நின்றது.

"மொத நாளே பாத்தேன். அடியில பேரு போட்டிருக்கு. நீ அவசரமாத் தாண்டிவிட்டா எனக்குத் தெரியாதாக்கும்? கொரலும் அவன் கொரலுதான். ஆம்பள, பொம்பள, கிளி, அம்புட்டுக்கும் ஒரே சளி புடிச்ச கொரலு." அவர் என்னைப் பார்க்காமல் திரையிடமே பேசினார். "அன்னிக்கு நான் உள்ளதான் இருந்தேன். பேப்பரை எப்பவோ படிச்சு முடிச்சிட்டேன். வலைக்கதவுக்குக் கொண்டிகூடக் கெடையாது, தொட்டாலே தொறந்துக்கிரும். வருவான், வருவான்னு அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். என் ஆபீஸ்ல எம்புட்டோ பேரை உக்கார வச்சிருக்கேன். தேவை இருக்கவன் வாசத் திரைச்சீலையைத் தள்ளிக்கிட்டு உள்ள வந்துருவான். ஏன்டா வந்தேன்னு நானும் கேட்டதில்ல. தேவை இல்லாதவன் தண்ணியைக் குடிச்சிட்டுப் போயிருவான். இவன் ரெண்டு வாட்டி குடிச்சான்."

"அப்ப நானு?" என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. "நான் உள்ளதானப்பா இருக்கேன். மூணு வருசமா இதே வீட்டுக்குள்ள."

"நீ மட்டும் என்ன? நீயாச்சும் வாயைத் தொறப்பியான்னுதான் ரெண்டு நாளா உக்காந்து பாத்தேன். ஒரு தரம் கேட்ட. பாப்போம்னேன். உக்காந்துட்ட."

இன்வெர்ட்டர் நீளமாக ஒரு தடவை கத்திவிட்டு அடங்கியது. திரை கறுத்தது. பெர்னி, தாடி, கிளி எல்லாம் போயிற்று. எதையும் சேமித்து வைக்கவில்லை, அப்பாவுக்கு அது தெரியாது, இத்தனை நாளும் கம்ப்யூட்டரை அணைக்காமலே ஓட்டியிருந்தார். மறுபடி கஞ்சிச் சட்டியிலிருந்து தொடங்க வேண்டும். அவர் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, காற்றாட மொட்டைமாடிப் படிக்கட்டுக்குப் போய்விட்டார். "ஒங்கப்பாருக்குப் பேச்சு வந்ததே இன்னிக்குத்தான்" என்றாள் அம்மா, மறுபடியும் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு.

கேட்டால் பெரிய ஞானம் போலத்தான் இருக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு மனிதன் வாயைத் திறந்து சரி என்றோ இல்லை என்றோ சொல்லத் துப்பில்லாமல் முப்பத்தொரு வருடம் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டு, அதற்குப் பரீட்சை என்று பெயர் வைத்துக்கொள்கிறார். வாரிசுச் சான்றிதழுக்கு வந்த கிழவிகள் திரைச்சீலையைத் தள்ளத் தைரியம் இல்லாதவர்கள் என்பதால் அவர்களுக்குத் தேவை இல்லை என்று ஆகிவிடுமா? சொல்லக் கூசாத திமிர் அது. ஆனால் 'உக்காந்துட்ட' என்று அவர் சொன்னது பொய் இல்லை. அதுதான் கூடுதலாக எரிந்தது.

கோகுலுக்குப் போன் செய்தேன்.

"இன்னிக்கே வா."

"அப்பா வரச் சொன்னாரா?"

"நான் சொல்றேன். வா."

"இல்ல செல்வி, அவரு கூப்பிட்டாரான்னு தெரிஞ்சுக்கிட்டா..."

"கோகுலு, நீ எழுதுன கிளிகூட இம்புட்டுக் கேள்வி கேக்கலை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

நாலரை மணிக்கு வந்தான். அதே வெள்ளைச் சட்டைதானா அல்லது அது மாதிரி இன்னொன்றா என்று தெரியவில்லை. இந்தத் தடவை அல்வாவுக்குப் பதில் ஆப்பிள். ஹெல்மெட்டைக் கழற்றித் தலைமுடியைக் கையால் படிய வைத்தான். செருப்பை ஓரமாக, ஜோடி சேர்த்து, மூக்கு வெளியே பார்க்கும்படி விட்டான். போகிறபோது மாட்டிக்கொள்ள வசதியாக இருக்கும். வலைக்கதவின் உள்பக்கம் நான் நின்றிருந்தேன். "வா" என்றேன். கதவைத் திறக்கவில்லை. அவன் என்னைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், எனக்குப் பின்னால் இருட்டாக இருந்த ஹாலைப் பார்த்தான்.

"அப்பா இருக்காரா?"

"இருக்காரு."

"சரி, நான் வந்திருக்கேன்னு சொல்லு" என்றவன், யாரும் சொல்லாமலே, அந்த நீல நாற்காலியைக் கொஞ்சம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஆப்பிள் பையை மடியில் வைத்துக்கொண்டான்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வலைக்கதவைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தாள். அவன் எழுந்து நின்று வாங்கிக் குடித்தான். குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தான். காலை மாற்றிப் போட்டான். போனை எடுத்துப் பார்த்தான், சட்டைப் பைக்குள் வைத்தான். எதிர்வீட்டு மாடியில் யாரோ காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் அதைக் கவனமாகப் பார்த்தான்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கரண்ட் வந்தது. உள்ளே ஃபேன்கள் எல்லாம் சேர்ந்து சுற்ற ஆரம்பித்தன. அப்பா மாடிப்படியிலிருந்து இறங்கி வந்தார். போர்டிகோ பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. கம்ப்யூட்டரைப் போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். கஞ்சி கரிந்தது, கப்பல் போனது. எல்லாம் தெரிந்த வழி என்பதால் இந்தத் தடவை ஒன்பது நாள் ஆகவில்லை. யாரிடமும் அனுமதி கேட்கவும் இல்லை. விக்கு, மரக்கால், ஜன்னல், காவல்காரன் ஓட்டம் என்று விறுவிறு என்று போய் அரை மணி நேரத்தில் ஆபீசுக்குள் நுழைந்தார். ஸ்பீக்கரில் சத்தத்தைக் கூட்டி வைத்தார். ஹாலைத் தாண்டி வெளியே வரை கிளி பேசியது.

"உக்காருங்க. அய்யா உள்ள இருக்காரு. கூப்பிடுவாக."

வெளியே கோகுலின் முகம் மலர்ந்தது. "நம்ம கேமு" என்று வலை வழியாக என்னிடம் சின்னக் குரலில் சொன்னான். "அப்பா கிளி சீன் வரைக்கும் வந்துட்டாரா? அது ரொம்ப காமெடியா இருக்கும் செல்வி." பெருமையில் காது கூடச் சிவந்திருந்தது. நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே மவுஸ் ஒரு தடவை சொடுக்கியது. கிளி திரும்பவும் பேசவில்லை. கதவு ஒன்று கிரீச்சிடும் சத்தம் கேட்டது. அது கேமின் கதவு.

கோகுல் சிரித்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னொரு தம்ளர் தண்ணி கெடைக்குமா?" என்றான்.

வலைக்கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனேன். நான் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்து, காலித் தம்ளரை நீட்டியபடி அவன் எழுந்தான். தம்ளரை நான் வாங்கவில்லை. குனிந்து நீல நாற்காலியை முதுகோடு பிடித்துத் தூக்கிக்கொண்டு உள்ளே திரும்பினேன். நாற்காலிக் கால் நிலையில் இடித்தது. "செல்வி?" என்றான் பின்னாலிருந்து. நான் நிற்கவில்லை. ஹாலில் அப்பா இந்தப் பக்கம் முதுகைக் காட்டி, கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பின்னால், கொண்டி இல்லாத வலைக்கதவு ஃபேன் காற்றில் ஒரு சாண் திறப்பதும், வந்து நிலையில் தட்டுவதும், மறுபடி திறப்பதுமாக ஆடிக்கொண்டிருந்தது.